மோர்ப் பந்தலை எழுதிய கவர் லெட்டர்

என் ரெஸ்யூமே எனக்கு மிகவும் பிடிக்கும். படிப்பு, மதிப்பெண், தெரிந்த மென்பொருள்கள், செய்த புராஜெக்ட் எல்லாம் ஒரே பக்கத்தில், புள்ளி வைத்து, வரிசையாக நிற்கும். மளிகைச் சாமான் பட்டியலையும் நான் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் அந்த அழகான பக்கத்தை எத்தனையோ கம்பெனிகளுக்கு அனுப்பியும் பதில் வரவில்லை. பெங்களூர்ச் சித்தி, "இங்க வந்து ஹாஸ்டல்ல தங்கித் தேடட்டும்" என்றாள். அம்மா பெரிய சூட்கேஸ் ஒன்றை வாங்கிக் கட்டிலடியில் வைத்துவிட்டாள். எனக்கோ காஞ்சிபுரத்தை விட்டுப் போக மனமில்லை.

அப்போதுதான் ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் விளம்பரம் கண்ணில் பட்டது. ஓரிடத்தில் முடிந்த பாகம் அடுத்த இடத்துக்குத் தேங்காமல் போகும்படி உற்பத்தியைத் திட்டமிட ஆள் வேண்டுமாம். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். கடைசி வரியில், ரெஸ்யூமேயோடு கவர் லெட்டரும் கட்டாயம் என்று போட்டிருந்தார்கள். அதுவரை நான் அப்படி ஒன்றை எழுதியதே இல்லை.

எழுதி எடுத்துக்கொண்டு செவிலிமேட்டிலிருந்த தோழியிடம் போனேன். கல்லூரியில் என்னோடு படித்தவள், அவளும் வேலை தேடிக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டே படித்தாள்.

"அடியே, இது உன் ரெஸ்யூமேதான். புள்ளிய எடுத்துட்டு 'நான், நான்'னு போட்டுக்கினு வந்துருக்க."

"வேற இன்னாடி எழுதறது? என்கிட்ட இருக்கறதே அவ்ளோதான்."

"உன்கிட்ட இன்னா இருக்குதுன்னு ரெஸ்யூமேவே சொல்லிடுச்சு. உன்ன வெச்சிக்கினு அவங்க இன்னா பண்றது? அத இதுல சொல்லு. மோர்ப் பந்தல எழுது."

சிரித்துவிட்டேன். "அது எக்ஸ்பீரியன்ஸாடி?"

"அன்னிக்கு நீ பண்ண அராஜகத்தத் தெருவே பார்த்துச்சு. எழுதுடி!"

வைகாசி கருட சேவைக்கு வரும் கூட்டத்துக்கு எங்கள் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுவோம். ஒரு வருடம் கூட்டம் பந்தலுக்கு முன்னால் அப்படியே சிக்கிக்கொண்டது. கவனித்துப் பார்த்தேன். மோர் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தம்ளர் கழுவும் தொட்டி இருந்தது. குடித்தவர்கள் தம்ளரைப் போடத் திரும்பி வந்து, வாங்க வருகிறவர்கள்மேல் மோதினார்கள். தொட்டியைப் பந்தலின் மறுகோடிக்கு இழுத்தேன். பொறுப்பிலிருந்த எதிர்வீட்டு மாமா ஓடி வந்தார்.

"ஏம்மா, தொட்டிய எங்க இழுத்துக்கினு போற? வருஷா வருஷம் அது இங்கதான் இருக்குது!"

"அங்க வெச்சா குடிச்சிக்கினே நடப்பாங்க மாமா. திரும்பி வர மாட்டாங்க."

முணுமுணுத்தார். சிறிது நேரத்தில் கூட்டம் தானாக நகர ஆரம்பித்தது. அதன்பின் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. "தம்ளர் அந்தாண்ட! தம்ளர் அந்தாண்ட!" என்று, தானே கண்டுபிடித்ததுபோல் ஊருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைத்தான் எழுதினேன். 'கடின உழைப்பாளி' என்று நான் போட்டதைத் தோழி அடித்தாள். மதிப்பெண்ணை நானே எடுத்துவிட்டேன். அது ரெஸ்யூமேயில் இருக்கிறது, இரண்டு இடத்தில் எதற்கு? உங்கள் விளம்பரத்தில் தேக்கம் என்று படித்தேன், ஜனங்களின் தேக்கத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன், பாகங்களின் தேக்கத்தையும் பார்க்க ஆசை என்று முடித்தேன். படித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. என் ரெஸ்யூமேயை எந்தக் கம்பெனிக்கும் அனுப்பலாம். இந்தக் கடிதத்தை இந்த ஒரு கம்பெனிக்குத்தான் அனுப்ப முடியும்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "அந்தப் பந்தல வரைஞ்சு காட்டுங்க." வரைந்தேன்.

"சரி, ரெண்டு பக்கத்துலேருந்தும் ஜனங்க வந்தா?"

நடுவில் மோர், இரண்டு கோடியிலும் தொட்டி. வரைந்தேன்.

"கழுவறவங்களால வேகமா கழுவ முடியலன்னா?"

"தம்ளர் அதிகமா வேணும் சார். இல்லன்னா மோர மெதுவா ஊத்தணும்."

அவர் சிரித்தார். அவ்வளவு நேரமும் என் அருமை ரெஸ்யூமே அவருடைய டீ கப்புக்கு அடியில் கிடந்தது. கடைசியில் அதை எடுத்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "நீங்க சொல்றதுக்கு இதுல ஆதாரம் இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, புள்ளிகளை நினைத்து.

வேலை கிடைத்தது. உடனே தோழியின் கடிதத்துக்கு உட்கார்ந்தோம். அவள் ரெஸ்யூமே அரைப் பக்கம், கடிதம் நான்கு பக்கம்! வெட்டும் பொறுப்பு என்னுடையது. "அத வெட்டாதடி, அதுதான் நல்லாருக்குது" என்று வரிக்கு வரி சண்டை.

வேலை உத்தரவைப் படித்துக் காட்டிய அன்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கட்டிலடியைப் பார்த்து, "அப்ப இத்தினி பெரிய பெட்டிய இன்னாம்மா பண்றது?" என்றாள்.

அதில் இப்போது எங்கள் கொலு பொம்மைகள் இருக்கின்றன. மூடியின் உட்புறத்தில், எது எந்தப் படிக்கு என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறேன்.