பளபளப்புப் பக்கம் வெளியே

"தம்பி, இஞ்ச ரேடியோக்காரன் வெக்கை வெக்கையெண்டு கத்துறான். இதெல்லாம் ஒரு வெயிலே? நாங்கள் பாக்காததே!" ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மதியத்துக்குச் சற்றுப் பின், லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் இருந்து போர்மன் அண்ணை எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தி இது. "தண்ணியைக் குடியுங்கோ அண்ணை" என்று பதில் எழுதினேன். அதை அவர் பார்த்ததாகக் கைபேசி காட்டவில்லை.

முன்பு வளைகுடாவின் பாலைவன நகரமொன்றில் அவர் கட்டட வேலைக்குப் போர்மன், அதாவது மேற்பார்வையாளர். நான் வரைபடம் போடுபவன். இருவருக்கும் ஒரே அறை. கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். ஆகவே அறைக்குள் இருந்த ஹீட்டரை அணைத்துவிட்டு, அதில் தேங்கி ஆறிய நீரைச் சுடுநீர்க் குழாயில் பிடித்துக் குளிப்போம். வெயில் ஏறத் தொடங்கியதும் அவர் சமையலறை அலுமினியத் தாளை, பளபளப்புப் பக்கம் வெளியே இருக்க, ஜன்னல் முழுவதும் ஒட்டுவார். விளிம்பெல்லாம் டேப். ஒரு மாலை நான் ஓரத்தைக் கிளப்பியபோது கையைத் தட்டிவிட்டார். "காத்து வருமெண்டு திறந்தியோ, அடுப்புத்தான் உள்ள வரும்." அவர் சொன்னது சரி. அங்கே இரவிலும் வெளிக்காற்று சுட்டது; உள்ளே ஏசி ஓடியது.

பிறகு இருவரும் வந்து சேர்ந்த லண்டனில், கூரைக்குக் கீழிருந்த அவருடைய வாடகை அறையில் ஏசி இல்லை. இங்கே இருட்டியபின் வெளிக்காற்று குளிரும்; அது உள்ளே வர வழி வேண்டும். அந்த வார வியாழக்கிழமை கதவை உடைத்துத்தான் அவர் உடலை எடுத்தார்கள். நான் போனபோது ஜன்னலில் அதே தாள், அதே நேர்த்தியான டேப். மரணச் சான்றிதழில் இருதயம் என்று இருக்கிறது. வெயில் என்ற சொல் இல்லை. செத்தவீட்டில் ஒருவர், "பாலைவனத்தில கிடந்த மனுசன், இஞ்சத்தை வெயிலுக்கோ?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

தாளை உரித்தவன் நான். ஜன்னல் கைப்பிடி அசையவில்லை; அதில் ஒரு பூட்டு. அறை முழுக்கத் தேடியும் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, அகப்படவில்லை. வீட்டுக்காரரும் நம்மவர்தான். "திறப்பு குடுத்தனான் அண்ணை. அவர்தான் பூட்டி வைச்சவர், பழகின பழக்கம்" என்றார். மிச்சச் சாமான்களை எடுக்க மறுபடி போனபோது ஜன்னலே புதிதாக இருந்தது. "திறந்து பாருங்கோ, எவ்வளவு லேசு" என்று வீட்டுக்காரர் ஆட்டிக் காட்டினார்.

இன்றும் வெக்கை என்கிறார்கள். லண்டனின் செவன் கிங்ஸ் பகுதியில் என் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, அண்ணையின் குறுஞ்செய்தியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். திறக்கக்கூடிய ஜன்னலைப் பழக்கத்தால் மூடினாரா, திறக்கவே முடியாத ஜன்னலுக்குத் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாரா? அவர் கையில் அந்தச் சாவி எப்போதாவது கொடுக்கப்பட்டதா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.