வாய்ப்பூட்டு மாமன்: திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்கு

இந்த ஆடிக் கிருத்திகைக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து நான் திருத்தணிக்குக் கிளம்பியது சாமி கும்பிட மட்டுமல்ல. அன்று அக்கா மகன் கவினுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள்; அவனுக்கு இருக்கும் ஒரே மாமன் நான்தான். பதினொன்றரைக்கு முகூர்த்தம். "நீ வரலன்னா குத்தவே மாட்டேன்" என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள்.

விடிகாலை மின்சார ரயிலில் ஏறி, சென்ட்ரலில் திருத்தணி ரயிலுக்கு மாறினேன். ஒரு வாரமாக இலவங்கம் வைத்துச் சமாளித்துவந்த கடைவாய்ப்பல் ஆவடி தாண்டியதும் உயிரை எடுக்க ஆரம்பித்தது. கன்னம் வீங்கி இடது கண்ணே சிறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் எட்டரைக்குத் திருவள்ளூரில் இறங்கினேன்.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பல் கிளினிக், ஒன்பது மணிக்குத் திறந்தார்கள். டாக்டரம்மா பல்லைத் தட்டிப் பார்த்தார். நான் நாற்காலியை விட்டு ஓரடி எழும்பினேன்.

"இத வெச்சிக்கினா ஊர் சுத்துறீங்க? எடுத்துடலாம்."

"பதினொன்றரைக்குத் திருத்தணில இருக்கணும் மேடம்."

"இருப்பீங்க. வாயத் தொறங்க."

ஊசி மட்டும்தான் வலித்தது. ஒரு நெருடல், ஒரு இழுப்பு, தட்டில் 'டிங்' என்று சத்தம். இதற்கா ஒரு வாரம் பயந்தேன் என்று வெட்கமாகவும் ஆனந்தமாகவும் இருந்தது. எக்ஸ்ரேயோடு ஆயிரத்து இருநூறு ரூபாய். "ஒரு மணி நேரம் பஞ்சக் கடிச்சிக்கினே இருங்க. பேசாதீங்க, துப்பாதீங்க" என்று எச்சரித்து அனுப்பினார். ஐஸ் பையைக் கன்னத்தில் வைத்து, காதுகுத்துக்காகக் கொண்டுவந்த மஞ்சள் துண்டால் வாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். வேட்டியும் மஞ்சள்தான், அக்காவின் கட்டளை.

திருத்தணி சிறப்புப் பேருந்தில் கால் வைக்க இடமில்லை. நாற்பது கிலோமீட்டர் நின்றபடி போக வேண்டியதுதான் என்று நினைத்தபோது, பொதட்டூர்பேட்டைக்காரப் பெண்மணி ஒருவர் முன்சீட்டு இளைஞரை அதட்டினார்.

"எழுந்துருபா! வாய்ப்பூட்டு போட்டுக்கினு மலைக்குப் போறாரு, நிக்க வெச்சிக்கினு குந்திக்கிற!"

வாயைக் கட்டிக்கொண்டு, பேசாமல் முருகனிடம் போகும் வேண்டுதல் அது. அப்படி வேண்டிக்கொண்ட பக்தன் என்று என்னை நினைத்துவிட்டார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். "அருள் வந்துருச்சி" என்றார் இன்னொருவர். அதற்கு மேல் ஆட்டவில்லை. சீட்டு கிடைத்தது, நெற்றி நிறைய விபூதி கிடைத்தது, யாரோ விசிறிவிட்டார்கள்.

இறங்கியபோது பதினொன்று பத்து. காவடிக் கூட்டம் தெருவை அடைத்து நின்றது. நான் கைப்பேசியில் அக்கா அனுப்பிய சத்திரத்தின் பெயரைக் காட்ட, அந்தப் பெண்மணி முன்னால் நடந்தார். "வழி உடுங்க, வாய்ப்பூட்டு வருது!" கூட்டம் விலகியது. சத்திரத்து வாசலில் அழுகிற நிலையில் நின்றிருந்த அக்கா, என் கோலத்தைப் பார்த்து மிரண்டுவிட்டாள்.

சரியான நேரத்துக்கு கவின் என் மடியில் இருந்தான். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் வீறிட்டான். அவன் பிடித்து இழுத்ததில் துண்டு அவிழ்ந்தது. மரத்துப்போன வாயால் நான் சிரிக்க, உதடு ஒரு பக்கம் மட்டும் மேலே போயிருக்க வேண்டும். அதைப் பார்த்து அழுகையை மறந்து சிரித்துவிட்டான். அடுத்த காதும் முடிந்தது.

போகிறவர்களுக்கு: கிருத்திகை அன்று ரயிலில் போவதே சுகம். பேருந்து என்றால் இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல் வலித்தால் ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். பல் எடுத்த பின் மஞ்சள் துண்டு கட்டாதீர்கள்.

மனசு கேட்காமல், பஞ்சை எடுத்ததும், காதுகுத்து முடியும்வரை கூடவே நின்ற அந்தப் பெண்மணியிடம் உண்மையைச் சொன்னேன். "அம்மா, வாய்ப்பூட்டு இல்லம்மா. பல்லு புடுங்கினு வந்தேன்."

வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிசிரியென்று சிரித்தார். பிறகு கவினின் சிவந்த காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரத்தம் காயறதுக்குள்ள மருமவனுக்காக ஓடியாந்துக்கிறியே நைனா. இது இன்னா, வேண்டுதல் இல்லியா?"