ஜன்னல் ஜன்னலாகப் போன நீலக் கட்டம்

புதிதாக ஒரு வெப்சைட்டைத் திறந்தால் அவள் முதலில் மவுஸைக் கவிழ்த்துப் போடுவாள். அது மல்லாந்து விழுந்த வண்டு மாதிரி அடிவயிற்றில் சிவப்பு வெளிச்சத்தோடு கிடக்கும். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்து, ஒரு கையில் தாடையைத் தாங்கிக்கொண்டு, மறு கையின் சுண்டுவிரலைக் கீபோர்டின் டேப் விசையின்மேல் வைப்பாள். ஒரு தட்டு. திரையில் மெல்லிய நீலக் கட்டம் ஒன்று ஏதாவது ஒரு சொல்லைச் சுற்றிக்கொள்ளும். இன்னொரு தட்டு. கட்டம் அடுத்த இடத்துக்குத் தாவும். சுவரில் போகும் எறும்பைப் பார்ப்பவள்போல அவள் அதன் பின்னாலேயே போவாள். சில சமயம் கட்டம் காணாமல் போய்விடும். அப்போது திரையிடம், ரகசியம் கேட்பதுபோல, "எங்கடி போனே?" என்பாள்.

ஆபீஸில் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர் விழுந்தது இப்படித்தான். நாளடைவில் முதலாளியும் வந்தவர்களிடம் அப்படியே அறிமுகப்படுத்த ஆரம்பித்துவிட்டார். அவள் மறுக்கவில்லை.

அவளுடைய வேலை வெப்சைட்டை அழகாக்குவது என்றுதான் பேர். உண்மையில் அவளைப் பிடித்து ஆட்டிய கேள்வி வேறு. மவுஸைப் பிடிக்க முடியாதவர் இதை எப்படித் திறப்பார்? திரையே தெரியாதவருக்கு இது என்ன சொல்லும்? பஸ்ஸில் யாராவது போனை மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்தால் கண் கொட்டாமல் பார்ப்பாள். இடுப்பில் குழந்தையோடு கட்டைவிரலால் மட்டும் எதையோ தேடும் பெண்ணிடம், "அந்த மூலைல இருக்கறது விரலுக்கு எட்டுதா?" என்று கேட்டே விடுவாள். கூடப் போகும் அவளுடைய சொந்த அக்கா தலையைத் திருப்பிக்கொண்டு, வேறு யாரோ மாதிரி நிற்பாள்.

அந்த வருஷம் ஆபீஸுக்கு ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் வேலை வந்தது. சங்கம் புதுக் கட்டடம் ஒன்றை எழுப்பி முடித்திருந்தது. லிஃப்ட் வைத்த உயரமான கட்டடம். உறுப்பினர்கள் அவரவர் வீட்டை வெப்சைட்டிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. கட்டடத்தின் முகப்பைப் படமாகப் போடுவது. ஒவ்வொரு ஜன்னலும் ஒரு வீடு. பிடித்த ஜன்னலைத் தொட்டால் வீடு உங்களுக்கு. மீசை என்று எல்லோரும் கூப்பிடும் பையன், உதட்டுக்கு மேல் ஒரு மயிர்கூட முளைக்காதவன், அதை ஒரே மூச்சில் செய்து கொண்டுவந்தான். ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம், பின்னால் சாயங்கால வானம். பார்க்க ஜோராக இருந்தது.

டேப் அக்கா மவுஸைக் கவிழ்த்தாள். தட்டினாள். நீலக் கட்டம் மேலே சங்கத்தின் பெயரில் நின்றது. மறுபடி தட்டினாள். அது கட்டடம் முழுவதையும் ஒரே தாவலில் தாண்டி, அடியில் இருந்த தொலைபேசி எண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது.

"தம்பி, இவ்ளோ பெரிய கட்டடம் கட்டியிருக்க. வாசல் வைக்க மறந்துட்டியே" என்றாள்.

மீசை முறைத்தான். ஆனாலும் உட்கார்ந்தான். இருவரும் சேர்ந்து ஒவ்வொரு ஜன்னலிலும் கட்டம் நின்று போகும்படி செய்தார்கள். கண் தெரியாதவரின் கணினி படித்துச் சொல்வதற்காக ஒவ்வொரு ஜன்னலுக்கும் மாடி, திசை, அறைகள் என்று விவரம் வைத்தார்கள். எடுக்கப்பட்ட வீட்டைச் சிவப்பாக மட்டும் காட்டினால் நிறம் பிரித்தறியாதவர் ஏமாந்துபோவார் என்று, வெளிச்சத்தை அணைத்துக் குறுக்கே ஒரு கோடும் போட்டார்கள். எடுக்கப்பட்ட ஜன்னலிலும் கட்டம் நிற்கட்டும், எது போயிற்று என்று எல்லோருக்கும் தெரிய வேண்டாமா என்றாள்.

கட்டம் எந்த ஜன்னலில் தொடங்குவது என்ற பேச்சு வந்தபோது மீசை மேல்மாடி என்றான். படத்தில் அதுதானே முதலில் இருக்கிறது. டேப் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. கையோ காலோ சரியில்லாதவர்கள் கீழ் வீட்டைத்தான் தேடுவார்கள், அவர்களை மேலிருந்து கீழே அலையவிடுவது பாவம் என்றாள். தரைத்தளம் முதலில், மேல்மாடி கடைசியில் என்று முடிவாயிற்று. அந்த வேலையில் அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். யாரிடம் விளக்கினாலும் அங்கே வரும்போது குரல் கொஞ்சம் உயரும்.

அவளுடைய அத்தானும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். அக்காவின் கணவர். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். சில வருஷங்களாகக் கைகள் நடுங்குகின்றன. டம்ளரில் பாதிதான் ஊற்றிக் கொடுப்பார்கள். சட்டைப் பொத்தான்களோடு காலையில் ஒரு யுத்தம் நடக்கும். குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மாடியில். கால் தளர்ந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும்தான் இறங்குவார். அக்கா ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம். புது வீடு கிடைத்தால்தான் அவர் மறுபடி தெருவைப் பார்ப்பார் என்று அக்கா நம்பியிருந்தாள்.

சங்கத்தின் விதி எளிமையானது. குலுக்கலில் விழுந்த வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் முறை வரும். முறை வந்ததும் பத்து நிமிஷம். அதற்குள் ஜன்னலை எடுக்காவிட்டால் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவார். அங்கேயும் தவறினால், மிஞ்சியதில் சங்கம் எதைக் கொடுக்கிறதோ அதுதான் வீடு.

அத்தான் தன் வீட்டைத் தானே எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அக்கா கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். மனிதர் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் டேப் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சோதனைக்காக வைத்திருந்த நகலில் அவருக்குப் பழக்கிவிட்டாள். மணிக்கட்டுக்குக் கீழே துண்டை மடித்து வைத்தாள். ஒற்றை விரலால் டேப், பிடித்த இடத்தில் என்டர். விரல் நடுங்கிச் சில சமயம் ஒன்றுக்கு இரண்டாகத் தட்டியது. என்றாலும் தரைத்தள ஜன்னல் ஒன்றை அவர் சுலபமாக எடுத்துவிட்டார். பத்து நிமிஷத்தில் பாதிகூட ஆகவில்லை.

முறை வந்த நாளில் அக்காவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். கதவைத் திறந்தபோது நேரம் முடிந்திருந்தது. வீடு எடுக்கவில்லை.

அக்கா போனில் அழுதாள். டேப் அக்காவுக்கு வருத்தத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். அன்றைக்கு அவ்வளவு சுலபமாகச் செய்தவர் இன்றைக்கு எங்கே மாட்டிக்கொண்டார்? நகலுக்கும் அசலுக்கும் ஏதாவது வித்தியாசமா? மீசையை இழுத்துவைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தும் ஒரு குற்றமும் அகப்படவில்லை. தன் கையில் கனமான கையுறையை மாட்டிக்கொண்டு தட்டிப் பார்த்தாள். பென்சிலை வாயில் கவ்விக்கொண்டு தட்டினாள். எப்படித் தட்டினாலும் தரைத்தள வீட்டைப் பிடிக்க நேரம் மீந்தது.

சாயங்காலம் நேராகப் போய் அவரையே கேட்டாள்.

"கட்டம் எங்கயாவது காணாமப் போச்சா அத்தான்?"

"அதெல்லாம் இல்ல. சமத்தா நின்னு நின்னுதான் போச்சு."

"அப்புறம் ஏன் நேரம் பத்தல?"

"கை" என்றார். கையைத் தூக்கிக் காட்டினார். அது அவர் சார்பில் சாட்சி சொல்வதுபோல ஆடியது.

கைதான் காரணம் என்றால் வழி உண்டு. அவள் சங்கத்துச் செயலாளரைப் போய்ப் பார்த்தாள். கூடுதல் நேரம் வேண்டுகிறவர் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு பொத்தான் வைக்கலாமா என்றாள். செயலாளர் நாற்காலியில் சாய்ந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ஏமாற்றுக்காரர்கள் எங்கும் ஒளிந்திருப்பதாக நம்புகிறவர்.

"ஆளாளுக்கு அமுக்கிட்டே இருப்பாங்கம்மா. வரிசை நகரவே நகராது."

"முடிச்சவங்க எதுக்கு சார் அமுக்கப் போறாங்க? வீடு கிடைச்சதும் பொண்டாட்டிகிட்ட சொல்ல எழுந்து ஓடிடுவாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு முறை தவறினவர்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, இழுபறியில் எல்லோருக்கும் என்று முடிந்தது. மீசை பொத்தானைத் திரையின் ஓரத்தில் வைக்கப் பார்த்தான். அது கடைசி நிமிஷத்தில் தானாக முன்னால் வந்து கேட்க வேண்டும், பதில் வரும்வரை போகக் கூடாது, பதில் சொன்னதும் கட்டம் விட்ட ஜன்னலிலேயே போய் நிற்க வேண்டும் என்று டேப் அக்கா அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்றாள். "எனக்கு மீசை நரைச்சுடும் போல இருக்கு" என்றான் மீசை.

இதற்கிடையில் கட்டடம் நாளுக்கு நாள் இருண்டுகொண்டே வந்தது. அக்கா தினமும் போனில் படத்தைத் திறந்து பார்ப்பாள். தரைத்தளத்தில் ஒவ்வொரு ஜன்னலாக அணைந்தது. கடைசியில் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று மிச்சம். ராத்திரி பகல் மோட்டார் சத்தம் கேட்கும், பரவாயில்லை, அதுவாவது கிடைக்கட்டும் என்று அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அத்தான் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. மோட்டார் சத்தத்துக்கு நல்லா தூக்கம் வரும் என்று அவளைச் சீண்டினார்.

இரண்டாவது முறை வந்தது. மறுபடி கதவு சாத்தப்பட்டது. வெளியே அக்காவும் தங்கையும் சுவரோரம் நின்றார்கள். உள்ளிருந்து விசையின் சத்தம் மட்டும் வந்தது. டக். இடைவெளி. டக். சில சமயம் இரட்டையாக டக் டக், பின்னால் அவருடைய பெருமூச்சு. பத்து நிமிஷம் தாண்டியது. டேப் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் நிற்கவில்லை. மறுபடி டக். பொத்தான் வந்திருக்கிறது, அவர் அமுக்கியிருக்கிறார். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் வெகுநேரம் தட்டிக்கொண்டே இருந்தார். இத்தனை நேரம் என்னதான் செய்கிறார் என்று அவளுக்கு மண்டை குடைந்தது. கதவிடுக்கில் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பார்க்கவில்லை.

கதவு திறந்தது. அத்தான் சட்டை நனைந்திருந்தது. "எடுத்தாச்சு" என்றார். அக்கா போனைத் திறந்து பார்த்தாள். மோட்டார் அறைக்குப் பக்கத்து ஜன்னல் அணைந்திருந்தது. கும்பிட்ட கை கும்பிட்டபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எந்த ஜன்னல் யாருடையது என்று படம் காட்டாது. அவரும் வேறொன்றும் சொல்லவில்லை.

சாவி கொடுத்த அன்றைக்குக் கட்டடத்தின் முன்னால் செயலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அத்தானிடம் சாவியை நீட்டி, லிஃப்ட்டைக் கை காட்டி, "கடைசி மாடி" என்றார். அக்கா, வீடு மாறிப் போயிருக்கிறது, எங்களுடையது மோட்டார் அறைக்குப் பக்கத்து வீடு என்று பதறினாள். அது அன்றைக்கு உங்களுக்குச் சற்று முன்னால் முறை வந்தவர் எடுத்தது, உங்களுடையது மேலேதான் என்றார் அவர்.

லிஃப்ட்டில் கூட வந்த டேப் அக்காவுக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. வீட்டைத் திறந்ததும் அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனார்.

"கீழ் வீட்டுல தெருவப் பாத்து ஜன்னல்" என்றார், திரும்பாமல். "போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பாத்து எப்படி இருக்கீங்கம்பான். நாள் பூரா பதில் சொல்லிட்டு உக்காந்திருக்கணும். இங்க எவன் வருவான்?"

"லிஃப்ட் நின்னுபோனா?" என்றாள் அக்கா.

"நின்னா நிக்கட்டும். பஸ்ஸு நிக்காததா?"

அக்கா பொங்கி வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னலண்டை போனாள். அங்கிருந்து பார்த்தவள் கொஞ்ச நேரம் திட்டவில்லை.

டேப் அக்காவுக்குப் பாக்கி விஷயம் பிற்பாடுதான், அவரை உட்காரவைத்துக் கேட்டபோதுதான், தெரிந்தது. முதல் முறையிலும் அவர் தேடிப் போனது இதே ஜன்னலைத்தான். தரைத்தளத்தில் தொடங்கி, வேண்டாத ஒவ்வொரு வீட்டிலும் நின்று நின்று, மாடி மாடியாக ஏறிப் போயிருக்கிறார். கடைசி ஜன்னலுக்கு வரும்போது விரல் இரட்டையாகத் தட்டி, கட்டம் அதைத் தாண்டிவிட்டது. திரும்ப மறுபடி தரையிலிருந்து ஏறியிருக்கிறார். நேரம் அங்கேதான் போயிற்று. டேப்பை ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அமுக்கினால் கட்டம் பின்னோக்கி வரும் என்பது அவருக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தரைத்தளத்துக்கு மேல் அவருக்கு வேலை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.