கெட்டுப்போன ரப்பர் பால்

1927 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. தேதியில் சந்தேகமில்லை, அன்று பள்ளிப் பலகையில் தேதி எழுதும் முறை என்னுடையது. அம்மா வழக்கம்போல் ஐந்தரை மணிக்குக் கத்தியும் வாளியுமாக ரப்பர் மலைக்குப் போய்விட்டாள். பள்ளி விட்டதும் நான் ரப்பர் பாலை உறையவைக்கும் ஸ்டோருக்குப் போனேன்; அம்மாவும் மற்ற பால்வெட்டுக்காரர்களும் அங்கே நின்றார்கள்.

மூன்று நாளாக ரப்பர் ஷீட்டுகள் கொப்புளம் கண்டு நாறின. அம்மாவின் மரங்கள் ஓடையோரம் நின்றதால், அவள் பாலில் தண்ணீர் கலப்பதாகக் கணக்கப்பிள்ளை சொன்னார். ஆமாம் என்று தலையாட்டியவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. குற்றம் உறுதியானால் அம்மா பால்வெட்டை விட்டு, கூலி குறைந்த புல்வெட்டுக்குப் போக வேண்டும்.

கணக்கப்பிள்ளைக்கு மேலதிகாரியான கண்டாக்கு ஐயா நிதானமானவர். திங்களன்று ஒவ்வொருவர் பாலையும் தனித்தட்டில் உறையவைத்து, சுண்ணாம்புக் கட்டியால் அவரவர் இலக்கம் போட்டிருந்தார். இப்போது பார்த்தால் அம்மாவின் ஷீட் பழுதில்லை. கொப்புளம் கண்டது அத்தையுடையது.

"நாளையிலேருந்து நீ புல்லு வெட்டு" என்றார் கணக்கப்பிள்ளை.

"மதினி, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அத்தை அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா கையை உதறுவாள் என்று ஆவலோடு காத்திருந்தேன்.

"ஐயா, இவள அனுப்பினா நாத்தம் போயிடுமாங்க? எல்லாரு செரட்டையும் பாருங்க. மொதல்ல என்னோடத பாருங்க" என்றாள் அம்மா.

"தப்பிச்சவ வலிய வந்து மாட்டுறா பாரு!" என்று கணக்கப்பிள்ளை சிரித்தார்.

பால் வடியக் கட்டியிருந்த சிரட்டைகள் ஆளுக்கு ஐந்து மரத்திலிருந்து வந்தன. மழை அவசரத்தில் பழைய பாலாடையை உரிக்காமலே புதுப்பாலை வடியவிட்டிருந்தார்கள். பதினோரு பேரில் ஏழு பேருடையதில் அது புளித்துக் கிடந்தது. அம்மாவின் ஐந்தில் இரண்டும் அப்படித்தான்.

"ஒங்களுக்குமா மதினி?" என்றாள் அத்தை.

"எனக்குந்தான். நேத்து ஒனக்கு, நாளைக்கு எனக்கு."

கண்டாக்கு ஐயா தட்டுகளிலிருந்த இலக்கங்களை ஈரத்துணியால் துடைத்தார். பால்வெட்டுப் பட்டியலிலிருந்து யார் பெயரையும் வெட்டவில்லை. தப்பித்தும் தன்னைத்தானே காட்டிக்கொடுத்த அம்மாவிடம் அன்றிரவு நான் பேசவில்லை.

மறுநாள் வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடுமுன், அம்மாவை எல்லோருக்கும் முன்னால் நிற்கவைத்தார்கள். நகத்தால் பழைய பாலாடையை உரித்து, மழைநீர் புகாதபடி சிரட்டையைக் குச்சியில் கவிழ்த்துக் காட்டினாள். மற்றவர்கள் அதையே செய்து பார்த்தார்கள். தண்டனை என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.