பாத்திரமா அழுகிறது?

குழந்தை தூங்கும்போது வீட்டு வேலையை முடிப்பேன். அவள் விழித்தபின் தையல் மெஷினில் உட்கார்ந்தால், என் மடியை விட்டு இறங்கமாட்டாள். இப்படியே, பக்கத்துத் தெரு ஜெசிந்தா அக்கா தைக்கக் கொடுத்த, அவர் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கான கவுன் தைக்காமல் கிடந்தது. மறுநாள் காலை மாதா கோயிலில் அந்தச் சிறுமி அதைப் போட வேண்டும்.

அன்று காலை கவுன் வாங்க வந்த அக்கா, தூளியில் தூங்கும் குழந்தையையும் பாத்திரம் விளக்கும் என்னையும் பார்த்தார். துணியைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்று பயந்தேன்.

“ஏன்டி, பாத்திரமா அழுவுது? புள்ள தூங்கறப்ப தையி. முழிச்சதும் பக்கத்துல உக்கார வச்சுகிட்டு வெளக்கு. டங்கு டங்குன்னு சத்தம் கேட்டா அவளுக்கும் வெளயாட்டுத்தான்!”

என் கையிலிருந்த சொம்பைச் சிரித்துக்கொண்டே பிடுங்கிக்கொண்டார்.

சாயங்காலம் கவுன் தயார். மறுநாள் காரைக்கால் கோயில் வாசலில் அந்தச் சிறுமி சுற்றிச் சுற்றிக் காட்டினாள்.

இப்போதும் என் வீட்டில் எல்லா வேலையும் முடிவதில்லை. ஆனால் சொன்ன நாளில் துணியைக் கொடுத்துவிடுகிறேன்.