ஸுல்பியேயின் திராட்சைத் தொட்டி

கைம்பெண் ஸுல்பியேவுக்கு, துருக்கியின் தாஷ்பூனார் கிராமத்தில், கைப்பிடி நிலம்கூடக் கிடையாது. முற்றத்தில் ஒரு பளிங்குத் தொட்டி மட்டும் இருந்தது. திராட்சை பழுத்துவிட்டால் ஊரே கழுதைகளில் கூடைகளை ஏற்றிக்கொண்டு அவள் வாசலுக்குத்தான் வரும். மிதித்துக் காய்ச்சிய பாகில் வீட்டுக்கு ஒரு சட்டி அவளுக்கு. குளிர்காலம் அதில்தான் ஓடும்.

அந்த வருஷம் பழம்பொருள் தேடி ஊர் மேட்டைத் தோண்ட வந்த ஜெர்மன்காரர் ஹார்ட்விக், தண்ணீர் கேட்டு வந்தவர், தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்துப் பார்த்தார். சுவரைப் பார்த்த பக்கத்தில் சிங்க வேட்டை செதுக்கியிருந்தது. யாரோ அரசனின் சவப்பெட்டியாம். பெர்லினுக்கு வேண்டும் என்றார். தோண்டலைக் கண்காணிக்க இஸ்தான்புல் அனுப்பிய அதிகாரி ரெஃபெட் எஃபெந்தி மறுநாளே வந்துவிட்டார்.

“மாகாணத்தையெல்லாம் ஒவ்வொண்ணா விட்டாச்சு. கல்லையாவது விடாம இருப்போம். இது சுல்தானோட அருங்காட்சியகத்துக்கு” என்றார்.

இருவரும் முற்றத்திலேயே மல்லுக்கு நின்றார்கள். கூடைகளில் திராட்சை சூடேறிக் குளவி மொய்த்தது. பக்கத்து வீட்டு தவுத்துக்கு ஒரே குஷி.

“ஏன்க்கா, இத்தனை வருஷமா பொணப்பெட்டிப் பாகையா ஊத்தினே?”

“உள்ள கெடந்தவரு ஒரு குறையும் சொல்லல. நீதான் ரெண்டாவது சட்டி கேட்டு வருவே.”

பிறகு அவள் அதிகாரியிடம் திரும்பினாள்.

“யாருக்குன்னு நீங்க தீத்துக்கங்க, எஃபெந்தி. எனக்குப் படம் வேணாம். விரிசல் இல்லாத தொட்டி ஒண்ணு குடுத்துட்டு இதை எடுத்துட்டுப் போங்க.”

தோண்டும் ஆட்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள். அழுகப்போவது அவர்கள் வீட்டுத் திராட்சை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஹார்ட்விக் வேறு வழியின்றி மேட்டின் ஓரத்தைக் காட்டினார். படம் இல்லையென்று அவரே ஒதுக்கிய மொட்டைப் பெட்டி ஒன்று அங்கே கிடந்தது. அகலமாக, அடியில் வடிகால் துளையோடு.

மொட்டையானாலும் அது சுல்தானுடையதுதானே என்று ரெஃபெட் தாடியைத் தடவி யோசித்தார். சட்டத்தையும் விடமுடியாது, ஊரையும் பகைக்கமுடியாது.

“தொட்டி சுல்தானோடது. காவல் நீ. காலியா வச்சிருந்தா தூசி அடையும், பாத்துக்கோ.”

எருதுகள் அதை இழுத்து வந்தன. கழுவிய கையோடு, அந்த வருஷம் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண் ஒருத்தி முதலில் இறங்கி மிதித்தாள்; பின்னாலேயே ஹார்ட்விக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்க, சிரிப்பில் கழுதைகளே மிரண்டன.

சட்டப்படி ரெஃபெட்டுக்கே போன சிங்கங்கள் வைக்கோல் சுற்றி இஸ்தான்புல்லுக்கு வண்டியேறியபோது எல்லாரும் தெருவில் நின்று பார்த்தார்கள். ஸுல்பியே மட்டும் போகவில்லை. பாகு பொங்கும் பதத்தில் இருந்தது.