இளங்கீரனின் எறி

யேர்மனியில் பேஸ்போல் விளையாடிச் சம்பளம் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. வுப்பர்டாலில் பிறந்த இளங்கீரன் அந்த நாரை உரித்துக் காட்டியவன். டுசல்டோர்ஃப் பக்கத்துக் கழகமொன்று அவனை எறிகாரனாக ஒப்பந்தம் செய்திருந்தது. மைதானத்து நடுமேட்டில் நின்று, முழங்கையை மடக்கி, தடி பிடித்து நிற்பவனை நோக்கிப் பந்தை எறிய வேண்டும். பந்து தரையில் குத்தவும் கூடாது. தொழில் அவ்வளவுதான். அதைப் பழகுவதற்குள் அவனுடைய இளமை முழுவதும் போய்விட்டது.

அவனுடைய அப்பா இராசலிங்கம் ஒரு காலத்தில் கிரிக்கெட் நடுவராக நின்றவர். கிரிக்கெட்டில் கையை நேராக நீட்டித்தான் பந்தை வீசலாம். கையை மடக்கி எறிந்தால் அது கள்ள விளையாட்டு. "எறியிறது மாங்காய்க்கு" என்பார். ஆகவே, மகன் பட்டப்பகலில் களவெடுக்கிறான், அதற்குச் சம்பளமும் வாங்குகிறான் என்ற மாதிரித்தான் அவருக்கு இருந்தது. ஒரு போட்டிக்கும் போனதில்லை. யாராவது விசாரித்தால், "மகன் கிறிக்கெற்றிலை இருக்கிறான்" என்று சொல்லிவிடுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற வகை மனிதர்.

இளங்கீரன் எழுத வந்தது அவருக்காகத்தான். அவருக்கு யேர்மன் பத்திரிகை ஓடாது. தமிழ்ச் சங்கத்து மாத இதழை மட்டும் மரண அறிவித்தல்வரை ஒன்று விடாமல் வாசிப்பார். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை வைத்துக்கொண்டு இளங்கீரன் அதில் எழுதினான். பந்தின் தையலில் விரல் எங்கே படவேண்டும் என்பதையும், தோற்ற அன்று பஸ்ஸில் ஏன் ஒருவரும் பேசுவதில்லை என்பதையும் எழுதினான். நல்ல எழுத்துத்தான், பொய் சொல்லக் கூடாது. தான் என்ன செய்கிறான் என்று அப்பா ஒருமுறை விளங்கிக்கொண்டால் போதும் என்பதுதான் அவனுடைய ஆசை.

இதழுக்கு வருவதைத் திருத்திப் போடும் மகாதேவி அக்கா நல்ல மனுசி. அதுதான் வினையாகிப் போனது.

"எறிகாரன் எண்டால் கல்லெறியிற ஆள் மாதிரிக் கிடக்குத் தம்பி. வடிவா மாத்தி விட்டிருக்கிறன்" என்றார். எறி எல்லாம் பந்துவீச்சு ஆகியிருந்தது. அப்பா வாசித்து மகிழ்ந்தார். சங்கமும் வாசித்தது. கோடைகால விளையாட்டு விழாவில் 'எங்கள் பந்துவீச்சாளர்' ஒரு ஓவர் போடுவார் என்று அறிவித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அவனுக்குத் தோள் நோவு. கழகத்தில் உடற்சிகிச்சை செய்யும் நடாலி, பந்தைத் தொடவே கூடாது, அடுத்த ஒப்பந்தமே இந்தத் தோளில்தான் இருக்கிறது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அப்பா வாய் திறந்து கேட்டுவிட்டார்.

"நானும் பாக்க வாறன். கையை நேராப் பிடிச்சுப் போடு, என்ன?"

"ஓம் அப்பா" என்றான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான்.

முதல் பந்தைப் பழகின கை பழகினபடியே எறிந்தது. நடுவர் 'நோ போல்', செல்லாத பந்து, என்றார். சனம் சிரித்தது. எல்லைக்கோட்டில் நின்ற அப்பா தலையைக் குனிந்துகொண்டதை இளங்கீரன் கண்டான். அதை அவனால் தாங்க முடியவில்லை. அடுத்த பந்துக்குக் கையை நேராக்கி, இருந்த பலம் முழுவதையும் போட்டுச் சுழற்றினான். விக்கெட் பறந்தது. தோளுக்குள் ஏதோ அறுந்தது. கைதட்டலில் அவன் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. ஓடி வந்த அப்பா அதே தோளைப் பிடித்துத்தான் குலுக்கினார்.

"இதடா பந்து" என்றார்.

சட்டை போடலாம், தலை சீவலாம், ஆனால் இனி எறிய முடியாது என்று சத்திரசிகிச்சை செய்த டொக்டர் சொன்னார். கழகம் மரியாதையாகக் கைகொடுத்து அனுப்பியது. வேலை அலுவலகத்தில், பதினாறு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து புதிதாக ஒரு தொழில் பழகச் சொன்னார்கள். அவனுக்கு எதிலும் மனம் போகவில்லை.

எழுத்து ஒன்று மிச்சம் இருந்தது. இடக்கை விரல் ஒன்றால் தட்டித் தட்டி, அந்த ஒரு நேர்ப்பந்து தன்னிடமிருந்து எதைக் கொண்டுபோனது என்று ஒளிக்காமல் எழுதினான். வீச்சு என்ற சொல்லே அதில் வரவில்லை. இந்த முறை அக்காவுக்கு அனுப்பாமல், நேரே அப்பா கையில் கொடுத்தான்.

இராசலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆற அமர வாசித்தார். கடைசித் தாளை இரண்டு தரம் வாசித்தார். நிமிர்ந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

"நல்லா எழுதியிருக்கிறாய்" என்றார். "ஆனா இந்த எறி, எறி எண்டு வாறதை மட்டும் பந்துவீச்சு எண்டு மாத்திவிடு. சனம் பிழையா நினைக்கும்."

இளங்கீரன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். பேனையை இடக்கையில் பிடித்து, முதலாவது 'எறி' என்ற சொல்லை வெட்டத் தொடங்கினான்.